பூனையும் மருந்தும்

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டியவர் திருவள்ளுவர். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மூன்றாவது, மருந்து, நான்காவது, உடனிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன். ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் இந்தப் பாகுபாடு அமைந்திருக்கிறது. நோயுற்றது ஒரு பூனையாக இருந்தால் இந்நான்கும் எவ்வாறு அமையும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். நோயாளி வாய் திறந்து பேசுவதில்லை. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று சொல்வதும் இல்லை. அதனை மருத்துவரிடம் கொண்டு செல்பவரும், அதன் சார்பாகப் பேசுபவரும், கட்டணம் செலுத்துபவரும், வீடு திரும்பியபின் மருந்தைப் புகட்டுபவரும் அதனை வளர்ப்பவரே. ஆகவே, நான்காம் கூறாகிய அவர் என்ன நினைக்கிறார் என்பது, இரண்டாம் கூறாகிய மருத்துவர் எழுதும் சீட்டையும் ஓரளவு மாற்றிவிடுகிறது.

அந்த நினைப்பைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். மருந்துக் கடையில் ‘ஆன்டிபயாடிக்’ என்று வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றிப் பூனை வளர்ப்போர் என்ன கருதுகின்றனர்? அம்மருந்துகளைக் கிருமிகள் எதிர்த்து நிற்பதைப் பற்றி அவர்கள் அறிந்தது என்ன? இதற்குப் பிரிட்டனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ ஒரு கோடிப் பூனைகள் வளர்கின்றன. விலங்குகளுக்குரிய நுண்ணுயிர்க்கொல்லியைக் கால்நடை மருத்துவரின் சீட்டின்றி அங்கே வாங்க இயலாது. எந்த நோய்க்கு எந்த மருந்து தரப்படுகிறது என்பதைப் பல மருத்துவமனைகளின் பதிவேடுகளிலிருந்து திரட்டி ஆராயும் பணியை லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தார் செய்து வருகின்றனர். மருத்துவரையும் வளர்ப்போரையும் வினவி எழுதிய ஆய்வுகளும், பூனை வளர்ப்போரை மட்டுமே வினவிய ஆய்வும் அங்கே வெளிவந்திருக்கின்றன.

முதலில் மருந்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1928ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர், ஆய்வுத் தட்டு ஒன்றில் தற்செயலாக வளர்ந்த பூஞ்சை தன்னைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்களை அழித்திருப்பதைக் கண்டார். அந்தப் பூஞ்சை தந்த பொருளே பெனிசிலின். ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் முதலியோர் அதனை மருந்தாக்கினர். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடலெங்கும் கிருமி பரவிச் சாகும் நிலையில் இருந்த காவலர் ஒருவருக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. அவர் வியக்கத்தக்க வகையில் தேறி வந்தார். ஆனால் இருந்த மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை, அவர் இறந்துபோனார். அன்று மருந்து இல்லாமையால் ஒருவர் இறந்தார். இன்று மருந்து கைவசம் இருந்தும், கிருமி அதற்கு அடங்காமையால் மக்கள் இறக்கின்றனர். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இக்காரணத்தால் நேரடியாக மாண்டனர் என்பது, ‘லான்செட்’ இதழில் 2022இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு.

இது எதிர்பாராமல் வந்த துன்பம் அன்று. 1940ஆம் ஆண்டிலேயே, அதாவது அந்தக் காவலருக்கு மருந்து செலுத்தப்படுவதற்கு முன்னரே, பெனிசிலினைச் சிதைக்கும் நொதிப்பொருளைச் சில பாக்டீரியாக்கள் தாமே உண்டாக்குகின்றன என்று ஆபிரகாமும் செயினும் எழுதினர். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையில் பிளெமிங், மருந்தைப் போதாத அளவில் உட்கொள்பவர் கிருமிகளைக் கொல்வதற்கு மாறாக அவற்றைப் பழக்கிவிடுவார் என்று எச்சரித்தார். அதற்கு அவர் ஒரு கதையும் சொன்னார். தொண்டைப்புண் கண்ட ஒருவர் பெனிசிலினை அரைகுறையாக உட்கொள்கிறார். பழகிப்போன அக்கிருமி அவருடைய மனைவியைத் தொற்றுகிறது. மருந்து பயன்படாமல் அவ்வம்மையார் இறந்துபோகிறார். மருந்தைத் தவறாக உட்கொண்டவர் ஒருவர். அதன் விளைவை அடைந்தவர் மற்றொருவர். இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசப்போகும் பொருளின் உயிர்நிலை இதுவே.

இனி, பூனை வளர்ப்போரிடையே காணப்படும் கருத்துகளுக்கு வருவோம். அவற்றுள் நான்கினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதற் கருத்து, ‘நோய் என்று வந்துவிட்டால் ஏதேனும் ஒரு மருந்து கொடுத்தாக வேண்டும்’ என்பது. இது அன்பிலிருந்து பிறக்கும் கருத்து. கண்ணில் நீர் வடிய, மூக்கடைத்து, தும்மிக்கொண்டு மூலையில் முடங்கிக் கிடக்கும் பூனையைக் காண யாருக்கும் மனம் பொறுக்காது. ஆனால் பூனைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ்களால் விளைவது. ஹெர்ப்பீஸ் வைரஸ் ஒன்றும், கலிசி வைரஸ் என்பதும் அவற்றுள் முதன்மையானவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவை அழிக்குமே தவிர, வைரஸை ஒன்றும் செய்யமாட்டா. பூனை சுறுசுறுப்பாக இருந்து, உணவு உண்டு, காய்ச்சலும் இல்லாதிருக்குமானால், பத்து நாள் வரை நுண்ணுயிர்க்கொல்லி இன்றியே கவனித்து வரலாம் என்று 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வழிகாட்டியிருக்கிறது. சிறுநீர் கழிக்கப் பூனை துன்புறுவதும் இத்தகையதே. மனிதருக்கு அந்நோய் வந்தால் பாக்டீரியாவே காரணமாக இருப்பது மிகுதி. இளம் பூனைகளிடமோ அவ்வாறு இருப்பது அரிது. மனக்கலக்கத்தோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சியே பெரும்பாலும் காரணமாகிறது. நம் உடம்பைக் கொண்டு பூனையின் உடம்பை அளந்துவிடலாகாது.

இரண்டாம் கருத்து, ‘அடிக்கடி கொடுத்தால் பூனையின் உடம்பு மருந்துக்குப் பழகிவிடும்’ என்பது. மருந்தை எதிர்க்கும் ஆற்றல் என்ற சொல்லைக் கேள்வியுற்ற பலரும் அதனை இவ்வாறே புரிந்துகொள்கின்றனர். இது பாதி உண்மை போலத் தோன்றும் முழுத் தவறு. பழகுவது பூனை அன்று, கிருமி. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுள் ஒருசில, பிறப்பிலேயே மருந்தைத் தாங்கும் திறன் வாய்ந்தனவாக இருக்கலாம். மருந்து செலுத்தியதும் வலியற்றவை மடிகின்றன. தாங்கவல்லவை பிழைத்து, காலியான இடத்தையெல்லாம் தம் இனத்தால் நிரப்புகின்றன. அதுமட்டுமன்று, இத்திறனுக்குரிய மரபுக்கூற்றை ஒரு பாக்டீரியா மற்றொரு பாக்டீரியாவுக்கு, அது வேறு இனத்தைச் சேர்ந்ததாக இருப்பினும், வழங்கவும் கூடும். காலில் உள்ள புண்ணுக்காகக் கொடுத்த மருந்து, குடலில் தீங்கின்றி வாழும் பாக்டீரியாக்களையும் சென்று தாக்குகிறது. அங்கே தாங்கவல்லவை பெருகி, மலத்தின் வழியே வெளிவருகின்றன. மலம் கழிக்கும் மணல்தட்டைத் துப்புரவு செய்பவர் வீட்டில் உள்ள மனிதரே அல்லரோ?

உடம்பு பழகுகிறது என்று எண்ணினால், அது என் பூனையோடு நிற்கும் கேடு என்று தோன்றும். கிருமி பழகுகிறது என்று உணர்ந்தால், அது வாசலைத் தாண்டிச் செல்லும் கேடு என்பது விளங்கிவிடும். சொல்லைத் திருத்தமாகப் புரிந்துகொள்வதில் இத்தனை வேறுபாடு இருக்கிறது.

மூன்றாம் கருத்து, ‘மருந்தை எதிர்க்கும் கிருமி மருத்துவமனைக்கும் கோழிப்பண்ணைக்கும் உரிய செய்தி, என் மடியில் உறங்கும் பூனைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்பது. பண்ணை விலங்குகளைப் பற்றிய கவலை பிரிட்டனில் பழமையானதுதான். 1969இலேயே சுவான் என்பவர் தலைமையில் அமைந்த குழு இதைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தது. வீட்டு விலங்குகளின் மீது கண் சென்றது பின்னரே. 1988இல் பிரிட்டனிலிருந்து ஒரு மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. முதியோருக்கான மருத்துவப் பிரிவு ஒன்றில், மெதிசிலின் என்னும் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி பரவிற்று. தேடிப் பார்த்ததில், அப்பிரிவில் செல்லமாக உலவிய பூனையிடமும் அக்கிருமி காணப்பட்டது. பூனையை அகற்றி, தூய்மை நடவடிக்கைகளையும் மேற்கொண்ட பின்னர்த் தொற்று அடங்கிற்று. பூனையே அதற்கு மூலம் என்று இதனால் முடிவு கட்டலாகாது. மனிதரிடமிருந்துதான் அது பூனைக்குச் சென்றிருக்கக்கூடும். இவ்வகைக் கிருமி பெரும்பாலும் அவ்வாறே செல்கிறது. ஒரே கூரையின்கீழ் வாழும் உயிர்களுக்கிடையே கிருமிக்கு வேலி இல்லை என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நான்காம் கருத்தே மிகவும் சுவையானது, சிக்கலானதும் அதுவே. ‘மாத்திரை வேண்டாம், டாக்டர், ஊசி போட்டுவிடுங்கள்’ என்பது அது. என் வீட்டிலும் பூனை உண்டு. ஆதலால் இந்த வேண்டுகோளின் நியாயத்தை நான் நன்கு அறிவேன். இறைச்சித் துண்டில் மறைத்துக் கொடுத்த மாத்திரையை நாய் விழுங்கிவிடும். பூனையோ இறைச்சியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தட்டிலேயே வைத்துவிடும். பிடித்து வாயில் இட்டால், விழுங்கியதுபோல் காட்டிச் சிறிது நேரம் கழித்துக் கட்டிலுக்கடியில் துப்பும். நாளுக்கு இருமுறை, ஏழு நாள் இப்போராட்டம் நடந்தால் கையில் கீறல்கள் மிஞ்சும். அதனினும் வருத்தம் தருவது, பூனைக்கு நம்மிடம் இருந்த நம்பிக்கை குறைந்துபோகும். தாம் காப்பாற்ற நினைக்கும் உயிரே தம்மைக் கண்டு ஓடி ஒளிவதை எந்த வளர்ப்பாளர் விரும்புவார்?

இவ்விடத்தில்தான் செஃபோவெசின் என்னும் ஊசிமருந்து வந்து சேர்ந்தது. 2006இல் ஐரோப்பாவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. இரத்தத்திலுள்ள புரதங்களோடு அது இறுகப் பிணைந்து மெல்ல மெல்ல வெளியேறுவதால், ஒரே ஊசி ஏறத்தாழ 14 நாள் வேலை செய்கிறது. வளர்ப்பவருக்கு நிம்மதி, மருத்துவருக்கும், மருந்து முழுமையாக உட்சென்றது என்ற உறுதி. பிரிட்டனில் பூனைகளுக்குத் தரப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளுள் இதுவே முன்னணியில் நின்றதைப் பதிவேடுகள் காட்டின.

இதில் குறை என்ன? செஃபோவெசின், செஃபலோஸ்போரின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. மனிதருக்கு மூளை உறை அழற்சி, இரத்தத்தில் கிருமி பரவுதல், டைபாய்டு போன்ற கொடிய நோய்கள் வரும்போது செலுத்தப்படும் செஃப்ட்ரியாக்சோனும் அத்தலைமுறையைச் சேர்ந்ததே. ஒன்றைச் சிதைக்கக் கற்ற பாக்டீரியா அதன் உறவினையும் சிதைக்கவல்லது. ஆதலினால்தான், உலக நல்வாழ்வு நிறுவனம் இம்மருந்துகளை மனித மருத்துவத்திற்கு மிக இன்றியமையாதவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமையும் விலங்குகளுக்குரிய நுண்ணுயிர்க்கொல்லிகளை நான்கு பிரிவாக்கி, இதனைக் ‘கட்டுப்படுத்துக’ என்ற பிரிவில் சேர்த்திருக்கிறது. எளிய பிரிவுகளைச் சேர்ந்த மருந்துகள் பயன்படாத இடத்தில் மட்டுமே இதனை நாடவேண்டும் என்பது அதன் கருத்து. மற்றொன்றும் உண்டு. செலுத்திய ஊசியைத் திரும்ப எடுக்க இயலாது. பயன்தரும் காலம் முடிந்த பின்னரும், குறைந்த அளவில் அம்மருந்து வாரக்கணக்கில் உடலில் தங்கியிருக்கிறது. போதாத அளவு கிருமிக்குப் பயிற்சி என்று பிளெமிங் சொன்னதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

இப்போது வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளோடு ஐந்தாவதாக ஒருவரையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. அதே மருந்தை நாளை நாடப்போகிறவரே அவர். அவர் அடுத்த தெருவில் பிறக்கப்போகும் குழந்தையாக இருக்கலாம்; அறுவைக்காகக் காத்திருக்கும் முதியவராக இருக்கலாம்; மற்றொரு பூனையாகவும் இருக்கலாம். மருத்துவர் அறையில் அவருக்கு நாற்காலி இல்லை. அவர் சார்பாகப் பேசுபவரும் இல்லை. ஆயினும் அங்கு எடுக்கப்படும் முடிவு அவரையும் சேர்ந்தது.

ஒரு பெரியவர் தனியே வாழ்கிறார். அவருக்குத் துணை ஒரு பூனை. கை நடுங்கும் அவரால் மாத்திரை புகட்ட இயலவில்லை. பூனைக்கோ உண்மையாகவே பாக்டீரியா தொற்றியிருக்கிறது. அவ்வேளையில் ஊசியை மறுப்பது அறமாகாது. கொடுக்காத மாத்திரை எந்தக் கிருமியையும் கொல்லாது. அரைகுறையாகக் கொடுத்த மாத்திரை கேடே செய்யும். ஆகவே அந்த மருந்து வேண்டாத மருந்து அன்று. அது தேவைப்படும் இடத்திற்கென்று காத்துவைக்கவேண்டிய மருந்து. எளிமை ஒன்றையே கருதி எடுப்பதற்கும், வேறு வழியில்லை என்று ஆராய்ந்து எடுப்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு.

அந்த ஆராய்ச்சி மருத்துவர் அறையில் நடைபெறுகிறதா? இவ்வினாவுக்கு ஆய்வுகள் தரும் விடை சிந்திக்கத்தக்கது. ‘வளர்ப்போர் மருந்தை எதிர்பார்க்கின்றனர்; வெறுங்கையோடு அனுப்பினால் மனம் நோவர்’ என்று மருத்துவர் பலர் கூறுகின்றனர். வளர்ப்போருள் பலரோ, ‘எங்களுக்கு வேண்டியது விளக்கமும் தைரியமுமே’ என்கின்றனர். ஒருவர் மனத்தை மற்றவர் ஊகித்துக்கொண்டு, இருவருமே விரும்பாத சீட்டு ஒன்றை எழுதி வாங்கிச் செல்வதும் இதனால் நிகழ்ந்துவிடுகிறது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற பழைய கேள்வியே இங்கும் எழுகிறது. மருத்துவர் தொடங்கட்டும் என்று வளர்ப்பவரும், வளர்ப்பவர் கேட்கட்டும் என்று மருத்துவரும் வாளா இருந்துவிடுகின்றனர்.

மணி கட்டும் முயற்சிகள் சில நடந்திருக்கின்றன. பிரிட்டனின் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம், ‘மருந்து எழுதாத சீட்டு’ ஒன்றை அமைத்துத் தந்தது. இந்நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி ஏன் வேண்டுவதில்லை, வீட்டில் எவ்வாறு பேணவேண்டும், எந்த அறிகுறி கண்டால் திரும்பி வரவேண்டும் என்பன அதில் எழுதப்படும். வருபவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அறிவுரையைக் கையில் ஏந்திச் செல்கிறார். 2023 செப்டம்பர் முதல், விலங்கை நேரில் தொட்டுப் பார்க்காமல் நுண்ணுயிர்க்கொல்லி எழுதலாகாது என்றும், சிறப்பான சூழல்களில் மட்டுமே விதிவிலக்கு உண்டு என்றும் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர் கழகம் விதித்திருக்கிறது.

வளர்ப்பவர் செய்யத்தக்கவையும் உண்டு. மாத்திரை கொடுப்பது கடினம் என்றால் அதனை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். திரவ வடிவில் கிடைக்குமா, உணவோடு கலக்கலாமா, நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதுமா என்று கேட்கவேண்டும். மாத்திரை புகட்டும் முறையைச் செய்து காட்டச் சொல்லலாம். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை கொடுத்தவுடன் சிறிது நீரோ உணவோ ஊட்டவேண்டும். இல்லையேல் அது பூனையின் உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். சென்ற முறை மிஞ்சிய மருந்தை இம்முறை எடுத்துக் கொடுக்கலாகாது. எத்தனை நாள் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். மனிதருக்குரிய மாத்திரையை ஒருபோதும் கொடுக்கலாகாது. நாம் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

நம் நாட்டுக்கும் இச்செய்தி புதியது அன்று. 2012இல் மருத்துவச் சங்கங்கள் பல கூடி, கிருமிகள் மருந்தை எதிர்ப்பதைத் தடுக்க வழிவகுத்த அறிக்கை, சென்னைப் பிரகடனம் என்ற பெயரையே பெற்றது. 2014 மார்ச்சு முதல், மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்கள் உள்ளிட்ட பல மருந்துகளை விற்கும் கடைக்காரர், சீட்டெழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப்பதிவேட்டில் குறித்துவைக்கவேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. விதிகள் கடை வாசல்வரை வரும். அதற்கப்பால், வீட்டினுள் நடப்பது நம் அறிவைப் பொறுத்தது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம். பலர் ஏதேனும் ஓர் உயிரை அன்போடு வளர்க்கலாம். நோயுற்ற பூனையை மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இது பாக்டீரியாவால் வந்த நோய்தானா? நுண்ணுயிர்க்கொல்லி இன்றிச் சில நாள் பொறுத்துப் பார்க்கலாமா? வேண்டும் என்றால், இதனினும் எளிய மருந்து போதாதா? இவற்றைக் கேட்பதால் பூனையின் மீது உங்களுக்குள்ள அன்பு குறைந்துவிடாது. மருத்துவரும் மனம் வருந்தமாட்டார். அவர் சொல்ல நினைத்ததைச் சொல்ல வழி பிறந்தது என்று மகிழவே செய்வார். அங்கே நாற்காலி இல்லாத அந்த ஐந்தாமவருக்காகவும் ஒருவர் பேசியதாக இருக்கும்.